யாரும் வராத சண்டை

என் கையெழுத்து சில சமயம் எனக்கே புரியாது. எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்ற சந்தேகமும் இன்னும் தீரவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எண்பதுகளில் நாங்கள் மலேசியாவில், கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், கம்பெனி கட்டிய கூலி வரிசை வீடுகளில் இருந்தோம். தோட்டத்தை விற்றுவிட்டார்கள், மரங்களை வெட்டிவிட்டு வீடுகள் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த மாதம் திடலில் வெள்ளைத் துணி கட்டிக் காட்டிய படமும் நிலத்தைப் பற்றியதுதான். விவசாயிகளின் வயலை வளைத்துத் தொழிற்சாலை கட்ட ஒரு பணக்காரன் அடியாட்களோடு வருகிறான். மண்வாரி இயந்திரத்துக்கு முன்னால் ஊரே வரிசையாகப் படுத்துக்கொள்கிறது. இயந்திரம் நின்றுவிடுகிறது. திடலில் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். படத்தில் நிலம் அவர்களுடையது, எங்கள் லயமோ கம்பெனியுடையது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்தச் சூட்டோடு என் தாய்மாமன் எல்லாரையும் முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போனார்.

"வீட்டு மனை குடுக்கிற வரைக்கும் எவனும் லயத்த விட்டுப் போகக்கூடாது. வாங்க, சூடத்த அடிங்க."

வீட்டுக்கு ஒருவர் எரியும் சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். கடைசியாக என் அப்பா. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்காதவர், அன்று எல்லாருக்கும் கேட்கும்படி "போகமாட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து பையன்கள் நாங்கள் படத்தில் வந்த மாதிரி வரிசையாகப் படுத்துப் பழகினோம். அப்பாவுக்குப் பக்கத்தில், தண்ணீர்க் குழாயடியில் என் இடத்தைக்கூடத் தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன்.

ஆனால் அடியாட்கள் வரவில்லை. லோரிதான் வந்தது, முதலில் மாமாவுக்கு.

"புள்ளைங்க படிப்ப பாக்கணும்லா மச்சான். சாமி புரிஞ்சிக்கும்."

"சரி, ஏறு. மழை வர்ற மாதிரி இருக்கு," என்றார் அப்பா.

பிறகு ஒவ்வொரு வீடாகப் பூட்டினார்கள். குழாயில் தண்ணீர் காலையில் மட்டும் வந்தது. விட்டுப்போன நாய்கள் எங்கள் வாசலுக்கு வந்து படுத்தன. தோட்டப் பள்ளியில் என் வகுப்புக்கு நான் ஒருவன்தான். வாத்தியார் என் பெயரைக் கூப்பிடுவார், நான் "உள்ளேன் ஐயா" என்பேன், அதோடு வருகைப் பதிவு முடிந்துவிடும். சாயங்காலம் குழாயடியில் தனியாகப் படுத்துப் பார்த்தேன். வானம் மட்டும் தெரிந்தது.

அம்மா ஒருநாள் கேட்டே விட்டார். "சத்தியம் பண்ணவங்க எல்லாம் போய்ட்டாங்க. நீங்க யாருக்காக உக்காந்திருக்கீங்க?"

அப்பா கோயில் இருந்த திசையைப் பார்த்தார்.

சில வாரம் கழித்து மாமா லோரியோடு திரும்பி வந்தார். எங்களுக்காக அல்ல, முனியாண்டிக்காக.

"டவுன் பக்கத்துல சாமிக்குக் கொட்டாய் போட்டாச்சு மச்சான். சாமியே வருது, உங்களுக்கு என்ன? ஏறுங்கலா."

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சிலையைத் தூக்க ஒரு கை கொடுத்தார். அதன் பிறகு வீட்டுக்கு வந்து பாய்களைச் சுருட்டினார்.

அம்மா முன்னால் ஏறிக்கொண்டார். அப்பாவும் நானும் பின்னால், தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே, துணி சுற்றிய முனியாண்டியோடு. லோரி லயத்தைத் தாண்டியபோது கேட்டேன்.

"நாம ஜெயிச்சிட்டமாப்பா?"

"ஓரமா நிக்காத, உள்ள வா," என்றார்.

பாதை குண்டும் குழியுமாக இருந்தது. அப்பா இரண்டு கையாலும் முனியாண்டியைக் கட்டிப் பிடித்து, அதன் தோளில் முகத்தைப் புதைத்திருந்தார். சாமி விழுந்துவிடாமல் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தார் ரோட்டுக்கு ஏறிக் குலுக்கல் நின்ற பிறகும் அவர் ஏன் விடவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.

பல வருடம் தள்ளிப்போட்டு இதை எழுதி முடித்தது, 3 மார்ச் 2019, ஞாயிற்றுக்கிழமை.