வெள்ளைச் சோளமும் ப்ளீச் அக்காவும்

ஐந்து. இந்த எண்ணை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். நூறு சோள மணியை ப்ளீச்சில் ஊறவைத்தால் ஐந்து வரை கறுக்கலாம். ஆறாவது கறுத்தால் லாரி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அந்த எத்தனால் ஆலையின் சட்டம் அது.

காரணம் எளிது. சில சோளத்தில் தோலுக்கு அடியில் துவர்ப்பு ஒரு படலமாக ஒட்டியிருக்கும். டானின் என்பார்கள். மாவைச் சர்க்கரையாக உடைக்க ஊற்றும் நொதியை அது பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். மாவு உடையாது, ஈஸ்டுக்குத் தீனி கிடைக்காது, தொட்டி மந்தமாகும், எத்தனால் குறையும். மணி எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. நிறத்தை நம்பவும் முடியாது. சிவப்பு மணியில் துவர்ப்பு துளியும் இல்லாமல் போகலாம், வெள்ளை மணிக்குள் ஒளிந்திருக்கலாம். அதனால்தான் ப்ளீச். துவர்ப்பு உள்ள மணி மட்டும் அதில் கறுக்கும்.

அந்த வேலையைச் செய்தவளை எல்லாரும் ப்ளீச் அக்கா என்றார்கள். வாசலை ஒட்டிய ஒற்றை அறை. ஒரு சிங்க், ஒரு மேசை, ஒரு நாற்காலி. ஜன்னலில் லாரிகளின் விலாப்புறம் மட்டும் தெரியும். கையிலும் தலைமுடியிலும் அந்த வாடை ஏறிப்போயிருந்தது. கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் தொங்கிக்கொண்டு வரும் நாளிலும் அவள் பக்கத்து இருக்கை காலியாகத்தான் வரும். வீட்டுக்குப் போனதும் ரேடியோவைப் போடுவாள். பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டும். என்ன பேச்சானாலும் சரி.

புருஷன் செத்தபின் அவளுக்கு மிஞ்சிய ஒரே உறவு அண்ணன். நிலத்தில் கூட நின்று பாடுபட வா என்று கூப்பிட்டான். அவள் ஆலைக்கு வந்தாள். "சம்பளம்தான் பெருசுன்னா இனி அதையே அண்ணான்னு கூப்பிட்டுக்கோ" என்று சொல்லிப் பேச்சை நிறுத்தினான். இந்த அறுவடைக்கு அவனே போன் செய்தான். சோளம் கொண்டு வருகிறேன், அப்படியே உன் வீட்டுக்கும் வருகிறேன் என்றான். அவள் கடைக்குப் போய் இன்னொரு தட்டு வாங்கினாள்.

அன்று காலை, லாரிகளை எடைபோடும் எடைமேடைக்காரர் சோள மாதிரிப் பையோடு உள்ளே வந்தார்.

"ப்ளீச்சக்கா, உங்க அண்ணன் வந்திருக்காரு. யாருன்னு கேக்கவே வேணாம், அதே மூக்கு. கோவம் மட்டும் ஒரு மூட்டை கூட."

"வாய மூடிக்கிட்டு பைய வைங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பையைப் பிரித்தால் வெள்ளை வெளேரென்று பருத்த மணி. ஊறவைத்து, அலசி, காகிதத்தில் பரப்பினாள். முப்பத்தெட்டு கறுத்திருந்தது. லாரிச் சுமையின் அடியிலிருந்து வேறு நூறு மணி எடுத்து வரச் சொன்னாள். அதிலும் அதே கதை. அண்ணனை உள்ளே கூப்பிட்டாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்தான், அவள் நின்றாள்.

"அண்ணா, முழுசும் ஒரே விதையா?"

"பாதிக்கு, குருவி தொடாத விதைன்னு கடைக்காரன் ஒண்ணு குடுத்தான். ரெண்டும் வெள்ளைதானே, ஒண்ணா அடிச்சு ஒண்ணா கொட்டிட்டேன்."

"துவர்ப்பு இருக்கறதாலதான் குருவி தொடல. அந்தத் துவர்ப்பு இங்க ஆகாதுண்ணா."

"தொடக்கூடாதுன்னுதானே போட்டேன்! குருவி வெரட்ட எனக்கு யாரு இருக்கா? நீ வந்தியா? உங்க அண்ணி பொறந்த வீட்ல போய் உக்காந்துட்டா. நானும் ஒரு தகர டப்பாவும்தான். நாள் முழுக்க அதைத் தட்டிப் பாரு, அப்புறம் விதையப் பத்திப் பேசு."

அவனும் தனியாகத்தான் கிடந்தான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரியும்.

அவன் குரலை இறக்கினான். "நீ சரின்னு ஒரு வார்த்தை எழுதினா போதும். யாருக்குத் தெரியப் போகுது? சாயங்காலம் உன் வீட்ல சாப்பிட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்."

"எல்லார் சோளமும் ஒரே தொட்டிலதான் விழும். அது மந்தமாச்சுன்னா உள்ள வேலை செய்றவங்க தலைதான் உருளும்."

"அவங்கல்லாம் உனக்கு யாரு? ஒருத்தனாவது உன் வீட்டுப் படி ஏறியிருக்கானா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

அவள் நிராகரிப்புச் சீட்டை எழுதிக் கொடுத்தாள்.

"தீவனக்காரங்க எடுப்பாங்கண்ணா, கேட்டுப் பாரு. சாப்பிட்டுட்டாவது போ."

"இந்தச் சீட்டையே தட்டுல போட்டு சாப்பிடு."

ஜன்னலில் லாரியின் விலாப்புறம் நகர்ந்து போயிற்று. கொஞ்ச நேரம் வெறும் சுவர் தெரிந்தது. எடைமேடைக்காரர் தலையை நீட்டினார்.

"அடுத்த லாரிய விடட்டுமாக்கா?"

"விடுங்க."

சாயங்காலம் வரை சோள மணி எண்ணினாள். அன்று அந்த வாசலிலிருந்து திரும்பிப் போன லாரி: ஒன்று.