மச்சானும் எழ மறுத்த கெர்னலும்

கருப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக என் கெர்னல் செத்துக் கிடந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. சிதம்பரத்தில் நாங்கள் படித்த பொறியியல் கல்லூரியின் ஆய்வகம். இறுதியாண்டு புராஜெக்ட் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். மறுபக்கம் மச்சான், நெற்றி நிறைய விபூதியோடு, கருவறைக்கு எதிரில் நிற்பவனைப் போல நின்றான்.

மச்சான் என் தாய்மாமன் மகன். கடலூரிலிருந்து ஒரே ரயிலில் போய்வருவோம். புராஜெக்ட்டிலும் ஒரே குழு. குழு என்றால், ஒரு குட்டி இயங்குதளத்தை, அதன் மையமான கெர்னல் உட்பட, முழுக்க நான் எழுதினேன், அறிக்கையை மச்சான் பைண்டிங் செய்து வாங்கி வந்தான். அரியர்களைச் சுமந்துகொண்டிருந்த அவனுக்கு இது கடைசி வாய்ப்பு. ஃபெயிலானால் அண்ணாகிராமத்தில் தன் முந்திரி ஆலையில் உட்கார வைத்துவிடுவேன் என்று மாமா சொல்லிவிட்டார். மச்சானுக்கோ முந்திரிக்கொட்டைப் பால் பட்டாலே கை கொப்பளித்துவிடும்.

என் மடிக்கணினிக்குள்ளேயே மென்பொருளால் ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதில்தான் எங்கள் இயங்குதளத்தை எழுப்பிக் காட்ட வேண்டும். காலையில் வீட்டில் சமர்த்தாக எழுந்தது, இங்கே எழுந்த வேகத்தில் குப்புற விழுந்தது. எங்கே விழுகிறது என்று பிடிக்க, ஒவ்வொரு கட்டத்திலும் ‘இதுவரை வந்தேன்’ என்று அச்சிட வைத்து மறுபடி ஓட்டினேன். நினைவகத்தைப் பங்கு பிரிக்கும் இடத்தில் மூச்சை விட்டது. கையில் எவ்வளவு நினைவகம் இருக்கிறது என்று அதையே கேட்டேன். பொய்க் கணினிக்கு நான் ஒதுக்கியிருந்தது ஐந்நூறு எம்பி. திரையில் வந்தது ஐந்நூற்றொன்று.

மெதுவாக மச்சானைத் திரும்பிப் பார்த்தேன்.

“நான்தான் மாப்ள மாத்துனேன், நீ ரயில்ல தூங்கும்போது. நல்ல காரியத்துக்கு யாராச்சும் மொட்டையா ஐநூறு வெப்பாங்களா? அதான் ஒண்ணு சேத்தேன்.”

கல்யாண வீடுகளில் மொய் எழுதிப் பழகிய கை. என் கெர்னலோ நினைவகத்தை இரண்டிரண்டு எம்பியாக வெட்டி எடுக்கும். ஐந்நூற்றொன்றில் கடைசித் துண்டு பாதிதான் இருந்தது. இல்லாத மீதிப் பாதியில் எழுதப் போய் உயிரை விட்டிருக்கிறது. பழையபடி ஐந்நூறாக்கப் போனேன். தேர்வாளர் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“நீங்க குடுக்குற நம்பருக்கு மட்டும் ஓடுனா போதுமா தம்பி? அவரு போட்டது அப்படியே இருக்கட்டும். உங்க புரோகிராமத் திருத்துங்க.”

அரைகுறைத் துண்டைத் தொடாதே என்று ஒரு வரி சேர்த்தேன். எழுந்துவிட்டது. “ரெண்டு பேர்ல இதச் சோதிச்சுப் பாத்தது இவரு ஒருத்தருதான்,” என்று மச்சானைக் காட்டிச் சிரித்தார் தேர்வாளர். அவன் பாஸ். போதாதென்று என்னைவிட இரண்டு மார்க் கூடுதல். பற்றிக்கொண்டுதான் வந்தது. ஆனால் அன்று சிதம்பரம் பிளாட்பாரத்தில் அவன் திரும்பி நின்று கண்ணைத் துடைத்ததைப் பார்த்தபோது, அவனைவிட நான்தான் சந்தோஷப்பட்டேன் என்று நினைக்கிறேன்.

இப்போது சென்னையில், விழுந்த கெர்னல்களைத் தூக்கி நிறுத்துவதுதான் எனக்குப் பிழைப்பு. மச்சான் புதுச்சேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறான். போன மாதம் கடலூரில் ஒரு விசேஷத்தில் மாமா என்னைத் தனியாக ஓரம் கட்டினார். தோளில் கை போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“இன்னும் அந்தக் கெர்னலோடதான் மல்லுக்கட்டுறியா மாப்ள? முடியலன்னா கூச்சப்படாத. நம்ம பையன்கிட்ட கேட்டுக்க.”