பஸ்ஸில் வந்த ஆட்டுக்குட்டிக் காது

இன்னிக்கு மதியத்தோட வேலை போச்சு. ஐடி கார்டையும் லேப்டாப்பையும் வாங்கிக்கிட்டாங்க. டேபிள்ல வெச்சிருந்த செடியை மட்டும் எடுத்துட்டுப் போகலாம்னாங்க.

ஆட்டுக்குட்டிக் காதுன்னு அதுக்குப் பேரு. வெல்வெட் மாதிரி சாம்பல் இலை. குளிர் ஊர்ச் செடி, நம்ம கடற்கரைப் புழுக்கத்துல அழுகிடும்னுதான் வீட்டுல வைக்காம ஆபீஸ் ஏசியில மூணு வருஷமா வளர்த்தேன்.

தொட்டியை மடியில வெச்சுக்கிட்டு நெம்மேலிக்குப் போற பஸ்ல உட்கார்ந்திருந்தேன். அழுகை வரல. பசியும் இல்ல.

கோவளத்துல காலிக் கூடையோட ஒரு மீன்கார அக்கா ஏறி பக்கத்துல உட்கார்ந்தாங்க. இலையைத் தடவி, விரலை மோந்து பார்த்தாங்க.

"கற்பூரவல்லின்னு நெனச்சேன், வாசனையே இல்ல. இன்னாத்துக்கும்மா ஆவும் இது?"

"வெளிநாட்டுல காயத்துக்கு வெச்சுக் கட்டுவாங்களாம்க்கா."

உடனே இன்னொரு கையை நீட்டினாங்க. கெளுத்தி முள்ளு குத்தின விரல்ல இன்னும் ரத்தம் கசிஞ்சுது. பெரிய இலையா ஒண்ணு கிள்ளிச் சுத்தி, என் தலையில இருந்த ரப்பர் பேண்டைப் போட்டேன்.

"மெத்துனு கீது. நாளைக்கும் இந்த பஸ்லதான வருவ? மாத்திக் கட்ட இன்னொரு இலை எடுத்துகினு வா."

வரேன்க்கான்னு சொல்லிட்டேன். நாளைக்கு எனக்கு இருக்குற ஒரே வேலை அதுதான்.

ஏசி இல்லாத மொட்டைமாடியில இந்தச் செடி பொழைக்குமா? வளர்த்தவங்க சொல்லுங்க. என்னைப் பத்தி அப்புறம் விசாரிச்சுக்கலாம்.