மூக்கை அழுத்தினால் மேலே, காதை இழுத்தால் கீழே

பெரியவனே, சின்னவளே, மூன்று வருடத்துக்கு முன்னால் ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனோமே, அந்தக் காலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் கூடவே இருந்தீர்கள். ஆனால் அன்று எனக்குள் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. எட்டாவது வரை படித்தவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

இதை உங்கள் சிநேகிதப் பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சின்னவளுக்குப் பிறந்ததிலிருந்தே கால்களில் பலம் கிடையாது. சக்கர நாற்காலியில்தான் போவாள், வருவாள். எங்கள் வீடு ராஜபாளையத்தில், மாடியில். பதினெட்டுப் படி. பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் அவளைத் தூக்குவது நான்தான். எங்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. நான்தான் லிஃப்ட். மூக்கை அழுத்தினால் மேலே போவேன். காதை இழுத்தால் கீழே வருவேன். பஞ்சாலை குடோனில் மூட்டை தூக்குகிறவனுக்குப் பெற்ற பிள்ளை ஒரு கனமா? வீட்டில் லிஃப்ட் வைப்பது பற்றி விசாரிக்க உங்கள் அம்மா ஓர் ஆளை வரச் சொன்னபோதுகூட, "நான் இருக்கையில லிஃப்ட் எதுக்கு?" என்று அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சின்னவளே, அந்த வருடம் உனக்குப் பத்து வயது. "நான் பாத்த தேரெல்லாம் முன்னால நிக்கிறவங்க முதுகுதான்ப்பா" என்றாய். இந்தத் தடவை மாடியிலிருந்து பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தாய். உங்கள் பெரியம்மா வீடு ரத வீதியிலேயே இருக்கிறது. அதற்கு மொட்டை மாடியும் உண்டு. தூக்க நான் இருக்கிறேன். வேறு என்ன வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

நாம் போய்ச் சேர்ந்தபோது தேர் அடுத்த வீதியில் வந்துகொண்டிருந்தது. பெரியவனே, நீ முதல் ஆளாக மாடிக்கு ஓடிப் போய், "வருது, வருது!" என்று கத்திக்கொண்டிருந்தாய். பெரியம்மா வீட்டுப் படி குறுகல். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கைப்பிடி கிடையாது. சின்னவள் என் மூக்கை அழுத்தினாள். நான் வழக்கம்போல ஒரே மூச்சில் ஏறினேன். ஐந்தாவது படியில் என் முட்டி மடங்கிவிட்டது.

நல்லவேளை, சுவர்ப் பக்கம் சாய்ந்தேன். சின்னவளே, உன்னை இறுக்கிப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். முழங்கையில் தோல் உரிந்ததோடு போயிற்று. மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பயம். ஆனாலும் வீம்பாக மறுபடி எழப் பார்த்தேன்.

கீழே இருந்து ஒரு குரல் வந்தது. "யோவ், நில்லுமய்யா! தேரையே நிறுத்தி நிறுத்தித்தான் இழுக்கோம். பிள்ளைய ஒரே மூச்சுல தூக்கிட்டு ஓடுதீரு?"

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலில் கட்டோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் பெரிய கட்டையைக் கொடுத்து நிறுத்தவும் திருப்பவும் செய்வார்களே, அந்தத் தடி போடுகிற வேலை அவருக்கு. "கால் சுளுக்கி அவியளால இந்த வருஷம் போக முடியல. காலையில இருந்து அவிய மூஞ்சியப் பாக்க முடியல" என்றார் பெரியம்மா.

அவர் ஒரு பலகைத் துண்டும் அரிவாளும் கேட்டார். செத்த நேரத்தில் இரண்டு ஆப்புகளைச் சீவிவிட்டார். சின்னவளைக் கீழே இறக்கி, சக்கர நாற்காலியைப் பின்பக்கமாகத் திருப்பி, அதில் உட்காரவைத்தோம். நான் மேலே நின்று கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். அம்மாவும் பெரியம்மாவும் கீழே இருந்து தாங்க வேண்டும். ஒரு படி ஏறியதும் அவர் சக்கரங்களுக்கு முன்னால் கட்டைகளை வைப்பார். நாற்காலி அசையாமல் நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த படி. சுளுக்கிய காலை ஊன்ற முடியாமல் அவர் முட்டி போட்டுத்தான் ஏறினார்.

"தேரு மூலையில திரும்புது!" என்று மேலே இருந்து பெரியவன் கத்தினான்.

"திரும்பட்டும்லே! திருப்பறதுக்கு எம்புட்டு நேரமாகும்னு எனக்குத் தெரியாதா?" என்று இவர் பதிலுக்குக் கத்தினார். பிறகு உன்னைப் பார்த்து, "தாயி, பயமா இருக்கா?" என்று கேட்டார்.

நீ சொன்ன பதிலை நான் மறக்கவே மாட்டேன். "இல்ல மாமா. இது நின்னு நின்னு போகுதுல்ல. எங்கப்பா லிஃப்ட் நடுவுல நிக்கவே நிக்காது. நான் கண்ண மூடிக்குவேன்."

நான் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். "எங்கிட்ட எப்பவோ சொல்லிட்டா" என்றாள் மெதுவாக. "அப்பா மூஞ்சி வாடிரும், சொல்லாதம்மான்னா."

இத்தனை வருடம் நீ சிரித்துக்கொண்டே என் மூக்கை அழுத்தினாய். அதற்குப் பிறகு உன் முகம் என் தோளுக்குள் போய்விடும். அது பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிப் படி ஏறவும் தேர் வீட்டுக்கு நேரே வரவும் சரியாக இருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரமாக உன்னை நிறுத்தினோம். தேரின் வண்ணத் துணியெல்லாம் உன் கண்ணுக்கு எதிரே அசைந்து போயிற்று. நீ கை தட்டித் தட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. பக்கத்தில் முட்டி போட்டிருந்த மனிதரின் வாயும் திறந்தபடி இருந்தது.

"இருவது வருஷமா நான் சக்கரத்தத்தான் பாத்திருக்கேன் தாயி. மேல இம்புட்டு அழகா இருக்குமா!"

"எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும் மாமா" என்றாய் நீ.

ஊர் திரும்பிய அன்றே, காபி கொடுத்து அனுப்பிய அதே ஆளை நானே போனில் கூப்பிட்டேன். சேத்தூர்ப் பக்கம் தனக்கு வந்த துண்டு நிலத்தை விற்கலாம் என்று உங்கள் அம்மா சொன்னாள். மறு வருடம் வீட்டை ஒட்டிக் கண்ணாடி வைத்த சின்ன லிஃப்ட் வந்தது. முதல் நாள் காலை, நீயே பொத்தானை அழுத்தி, "அப்பா, கீழ பாப்போம்!" என்று கையாட்டினாய். நான் படியில் ஓடினேன். நீதான் ஜெயித்தாய்.

இப்போதெல்லாம் யாருக்கு உதவப் போனாலும், எப்படிப் பிடிக்கட்டும் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

லிஃப்ட் வந்த அந்த முதல் நாள், உங்களைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் வீட்டுக்கு வந்தேன். லிஃப்டுக்குள் போய், உன் கண் உயரத்துக்கு வர வேண்டும் என்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மேலே போகப் போக, எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து சஞ்சீவி மலை மெதுவாக எழுந்து வந்தது. நான் உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அதே உயரம்தான். ஒரு நாளாவது நடுவில் நின்று, பாரு என்று உனக்குக் காட்டியிருக்கலாம். கீழே இறங்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, என் காதை நானே நன்றாக ஒரு இழுப்பு இழுத்தேன். அதன் பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.