பொய் லெட்டர் இல்லாமல் போர்ச்சுகல் போனேன்

போன தவக்காலத்துல ஒரு செவ்வாய்க்கிழமை என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு விழுந்துட்டார். அவர் விழுந்தது போர்ச்சுகல்ல, வேலை விஷயமாப் போன இடத்துல. நான் இருந்தது திருப்பூர்ல, தங்கச்சி பிரசவத்துக்கு வந்து.

பங்கு மக்களே, என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நான் ஸ்டெல்லா. இங்க பனியன் கம்பெனியில, தைச்ச பீஸ்ல குறை பாக்கற செக்கிங்ல நின்னவ. அவர் பிரான்சிஸ், பாண்டிச்சேரிக்காரர். பரம்பரையா பிரெஞ்சுப் பாஸ்போர்ட். ரெண்டு பேரும் அயர்லாந்துல இருக்கோம். என் பாஸ்போர்ட் மட்டும் இந்தியாவோடது.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன். அதுக்குள்ள வந்துடு ஸ்டெல்லா"ன்னு போன்ல சொன்னார். குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருந்துச்சு.

டிக்கெட் போடற இடத்துல கையை விரிச்சுட்டாங்க. "விசா வேணுங்க. மூணு வாரமாவது ஆகுமுங்க." வெளிய வந்தேன். ரோட்டுல வண்டிங்க போகுது, எனக்குச் சத்தமே கேக்கல. கால் பாட்டுக்கு என்னைப் பழைய கம்பெனிக்குக் கூட்டிட்டுப் போயிடுச்சு.

நம்ம ஊருக்குத் தெரிஞ்சது ஒரே வழிதான். வெளிநாட்டுல துணி வாங்கற பையர் அழைப்பு லெட்டர் குடுப்பான், அதை வெச்சு விசா வாங்கணும். முதலாளி நல்ல மனுசன். என் அழுகையைத் தாங்காம, "நீ பையர்கிட்ட ஆர்டர் பேசற எங்க மெர்ச்சண்டைசர்னு லெட்டர் தர்றேன் கண்ணு. அவசரம்னா சீக்கிரம் குடுப்பாங்க. கீழ உன் கையெழுத்தைப் போட்டுக் கொண்டா"ன்னார். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், வாங்கிக்கிட்டேன்.

லெட்டரோட நேரா இங்க வந்தேன். மத்தியானம் இந்தக் கோயில்ல ஆளே இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல பஞ்சுத்தூசி மிதந்துக்கிட்டே இருந்துச்சு. பக்கத்து நிட்டிங் மெஷின் சத்தம் தாலாட்டாட்டம் கேட்டுச்சு. "மாதாவே, எனக்கு அவர்கிட்டப் போகணும். ஆனா பொய் சொல்ல வெச்சுடாதீங்க"ன்னு அழுதேன். அப்படியே கண்ணு சொக்கிடுச்சு. யாரோ என் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு. பயமே போயிடுச்சு.

முழிச்சதும் அவர் போட்டோவை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். அயர்லாந்துல தங்கறதுக்குக் குடுத்த கார்டும் கூட வந்துச்சு. செக்கிங்காரி கை சும்மா இருக்காது. எந்தப் பீஸையும் முன்னும் பின்னும் திருப்பி ஒவ்வொரு தையலா பாத்துத்தான் கீழ வைக்கும். ரெண்டு வருசமா சுமந்த கார்டை அன்னைக்குத்தான் அப்படி எழுத்து எழுத்தாப் படிச்சேன். ஐரோப்பிய யூனியன் குடிமகனின் குடும்ப உறுப்பினர்னு போட்டிருந்துச்சு. அந்தக் குடிமகன், பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வெச்சிருக்கற என் வீட்டுக்காரர்தான்.

உடனே போர்ச்சுகல் தூதரகத்துக்குப் போன் போட்டு, கார்டுல இருந்ததைப் படிச்சுச் சொன்னேன். போனை எடுத்த அம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. "புருசன்கிட்டத்தான் போறீங்களா?" ஆமான்னேன். அப்ப பாஸ்போர்ட்டும் இந்தக் கார்டும் போதும், விசா வேண்டாம், கல்யாணச் சர்டிபிகேட்டைக் கையில வெச்சுக்கோங்கன்னாங்க. எனக்கு ரெண்டாவது தடவை கேக்கணும்போல இருந்துச்சு. கேட்டேன். அதையே பொறுமையாச் சொன்னாங்க.

லெட்டரைத் திருப்பிக் குடுத்தேன். "இத்தனை வருசமா ஐரோப்பா போய்ட்டு வர்றேன், எனக்கே இது தெரியாதே"ன்னு முதலாளி சிரிச்சுட்டார். கொச்சி ஏர்போர்ட் வரைக்கும் கார் அனுப்பினார். அங்க கவுண்டர்ல மறுபடி விசா கேட்டாங்க. கார்டை நீட்டினேன். பெரிய ஆபீசரைக் கூப்பிட்டாங்க, கம்ப்யூட்டர்ல என்னமோ பாத்தாங்க. நான் ஜெபமாலையை உருட்டிக்கிட்டே நின்னேன். கடைசியில போர்டிங் பாஸ் கைக்கு வந்துச்சு.

வியாழக்கிழமை சாயந்தரம் அவர் கட்டில் பக்கத்துல நின்னேன். "வந்துட்டியா"ன்னார். அவ்வளவுதான். மறுநாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டே ஆபரேஷனுக்குப் போனார்.

பொய்தான் ஒரே வழின்னு உங்களுக்கும் ஒரு நாள் தோணலாம். கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இங்க வந்து கொஞ்ச நேரம் மண்டி போடுங்க. நான் சொல்றதை நம்பாட்டி அவரையே கேளுங்க. அதோ, கடைசி பெஞ்ச்ல தங்கச்சி குழந்தையை மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.