போனக்காட்டின் சிவப்புக் கம்பம்

"இளநிலை ஆதரவுப் பொறியாளர் (ஒப்பந்தம்). இளமைத் துடிப்பு மிக்கவர். மேலிடத்து அறிவுறுத்தல்களை முகமலர்ச்சியோடு ஏற்பவர். குழுவின் ஒற்றுமையைப் பேணுபவர்."

கழக்கூட்டத்து நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் லீலாபாயின் படத்துக்குக் கீழே இப்படிப் போட்டிருந்தது. படத்திலும் அவள் சிரிக்கவில்லை. இளமையைப் பொறுத்தவரை, அவளுடைய மூத்த மகளையே அந்த வேலைக்கு வயது கூடுதல் என்று கழித்துவிடுவார்கள். நாகர்கோவில் பக்கமிருந்து மலையாளக் கரைக்குக் கல்யாணமாகி வந்தவள். பழைய கம்பெனியை மூடியபோது இங்கே காலியாக இருந்த ஒரே நாற்காலி இது என்பதால் இதில் உட்கார்ந்தாள். ஒற்றுமையை மட்டும் உண்மையாகவே பேணினாள். அவளைப் பற்றிக் குறை சொல்வதில் குழு முழுவதும் ஒன்றாக நின்றது.

மலையோர ஊர்களுக்குப் போகும் நடமாடும் மருத்துவ வண்டிக்கான செயலியை நடத்துவது அந்த நிறுவனத்தின் வேலை. நோயாளிகள் செல்போனில் இடம் பதிய வேண்டும். பதிவு இருக்கிற ஊருக்கு வண்டி போகும். பதிவு குறைந்தால் அந்த ஊர் பட்டியலிலிருந்து போய்விடும். ஒரு சமயம் மலையடிவாரத்து வித்துராவில் ஒரு ஏஜென்ட் தன் எண்ணிலிருந்தே மொத்த இடத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, வேண்டியவர்களுக்கு மட்டும் விட்டுக்கொடுத்தான். அவனை ஒழிக்க லீலாபாய் ஒரு விதி எழுதினாள். ஒரு எண்ணிலிருந்து ஒரு நாளைக்கு நாலு பதிவு. அதற்கு மேல் வந்தால் மறுப்பு. ஏஜென்ட் ஒழிந்தான். லீலாபாய்க்கு அந்த விதியில் கொஞ்சம் கர்வமே உண்டு.

செயலியில் யார் எதைத் தொட்டாலும் சர்வரில் ஒரு வரி விழும். வரிகள் மலையாகக் குவிந்து கிடந்தன; படிக்க ஆள் இல்லை. அவற்றைத் தேடவும் படமாக வரைந்து காட்டவும் தனியாக ஒரு சர்வர் அமைக்கும் பொறுப்பு அவளிடம் வந்தது. மற்றவர்கள் எல்லாரும் அந்த வேலையைத் தவிர்த்துவிட்டதால் வந்தது என்பது வேறு விஷயம். நிறுவினாள், ஓட விட்டாள். அவள் திரையில் படம் வந்தது. மேலாளர் ஹரிகுமார், அவள் 'மக்களே' என்று கூப்பிடுகிற மகன் வயதுக்காரன், தன் இடத்திலிருந்து எட்டிப் பார்த்தான்.

"சேச்சி, என் மெஷின்ல திறக்கலியே."

"அது இப்பம் தனக்குள்ளயே பேசிட்டிருக்கு மக்களே. வெளிய உள்ளவன் தட்டினா கேக்காது."

"நம்ம ஆபீஸ்ல பாதிப் பேர் அப்படித்தானே."

"அதனாலதான் அதுக்காவது காது வச்சுக் குடுக்கணும்."

அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில் சர்வர் எந்த முகவரியில் காது கொடுக்க வேண்டும் என்ற வரியை மாற்றி, கடவுச்சொல்லும் வைத்தாள். எல்லார் மேசையிலும் அந்தப் படப் பலகை, டாஷ்போர்டு, திறந்தது. கிடைத்த பதிவு நீலம், மறுத்தது சிவப்பு. போனக்காடு என்ற மலையூருக்குப் போகும் வண்டிக்கு நேராக ஒரு குட்டை நீலமும், அதன் தலைக்கு மேல் ஒரு நெட்டைச் சிவப்புக் கம்பமும் நின்றன. சிவப்பு முழுக்க ஒரே எண். நேரம் நள்ளிரவு தாண்டி.

"நடுராத்திரியில எவனுக்கு மூட்டு வலிக்கும்? ஏஜென்ட் புது சிம் வாங்கிட்டான்" என்றாள். தன் விதி இன்னும் திருடனைப் பிடித்துக்கொண்டிருப்பதில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

அந்தச் சந்தோஷம் நேர அமைப்பைச் சரிபார்க்கும்வரை நீடித்தது. சர்வரை வாடகைக்கு எடுத்த எவனோ கடிகாரத்தை லண்டன் நேரத்திலேயே விட்டிருந்தான். இத்தனை காலம் வரிகளை எல்லாரும் அந்த நேரத்திலேயே படித்திருக்கிறார்கள், அவளும்தான். இந்திய நேரத்துக்கு மாற்றியதும் சிவப்புக் கம்பம் நள்ளிரவிலிருந்து நகர்ந்து, பொழுது விடிகிற வேளையில் போய் நின்றது. விடியலில் எழுந்து வேலை பார்க்கும் ஏஜென்டை லீலாபாய் வித்துராவில் கண்டதில்லை.

அந்த எண்ணைக் கூப்பிட்டாள். திட்டுவதற்கு என்றுதான் கூப்பிட்டாள்.

"மருத்துவ வண்டி ஆபீஸ்ல இருந்து பேசுதேன். நீங்க எந்தக் கடை?"

"கடையா? இங்கன கடைக்கு எங்க போவ? நான் போனக்காட்டு தேயிலை எஸ்டேட்டு லயத்து மாடம்மா" என்றது ஒரு பெண் குரல். "இந்த ரோட்டு வளைவுல மட்டுந்தான் டவர் எடுக்கும். விடிஞ்சதும் நடந்து வந்து லயத்துல எல்லாத்துக்கும் நானே போட்டுருவேன். டச்சு போனு எங்கிட்டதான இருக்கு."

"எத்தனை பேருக்குக் கிடைக்கும்?"

"நாலு பேருக்கு எடுக்கும். பொறவு போடின்னு சொல்லிரும். டாக்டரு வந்து நாலு பேரப் பாத்துட்டு, லிஸ்ட்டுல வேற பேரு இல்லன்னு வண்டியத் திருப்பிருதாரு. மிச்சப் பேரு முழங்காலப் புடிச்சிட்டு நிக்காக. எந்தக் கட்டையில போறவன் இப்படிச் செஞ்சு வச்சானோ."

"போறவன் இல்ல, போறவ. நான்தான் செஞ்சது."

"அப்பம் நீயே சரியாக்கிரு தாயி" என்றாள் மாடம்மாள்.

சரியாக்குவது ஒரு வரி வேலை. ஆனால் அந்த வியாழக்கிழமை, திட்ட அதிகாரி ஸ்வப்னா வந்து டாஷ்போர்டைப் பார்த்து, எந்த மலைப்பாதையை நிறுத்துவது என்று முடிவு செய்ய இருந்தார். ஹரிகுமார் கையை விரித்தான்.

"மேடம் வந்து போற வரைக்கும் ஒண்ணும் தொடண்டா சேச்சி. அது கழிஞ்சு மாத்தலாம்."

"அது கழிஞ்சா போனக்காட்டுக்கு வண்டி இருக்காதே."

"பின்னே அந்த ரெட். ஃபில்டர் போட்டு மறைச்சிடுங்க. நம்ம சிஸ்டம் ஆளுகளைத் திருப்பி அனுப்புதுன்னு மேடம் கண்டா நாணக்கேடு அல்லே?"

"விதி எழுதினது நான். எனக்கே இல்லாத நாணம் ஒனக்கு எதுக்கு மக்களே?"

"சேச்சியோட கான்ட்ராக்ட் புதுக்கற பேப்பர் என் மேசையிலதான் இருக்கு."

"ஃபேன் ஓடுது. பறந்துராமப் பாத்துக்க."

ஹரிகுமார் கெட்டவன் அல்ல. பொய் சொல்வது அவனுக்குப் பிடிக்காது. அதனாலேயே பல விஷயங்களைச் சொல்லாமல் விட்டுவிடுவான். ஃபில்டரை அவனே போட்டான், பிழையில்லாமல்.

வியாழக்கிழமை கூட்ட அறையின் பெரிய திரை முழுக்க நீலமாக இருந்தது. எல்லா ஊரும் நலம். ஸ்வப்னா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு போனக்காட்டில் விரலை வைத்தார்.

"இங்க ஆளே இல்லியா? வெறுதே வண்டி ஓடுது. இந்த ரூட் வேண்டா, அல்லே?"

"எஸ்டேட் க்ஷீணிச்சு, ஆளும் குறைஞ்சு போச்சில்லே மேடம்" என்றான் ஹரிகுமார். அதுவும் பொய்யில்லை.

லீலாபாய் எழுந்தாள். முழங்கால் அவளையும் ஒரு சொல் திட்டியது. திரையோடு இணைத்திருந்த கணினிவரை நடந்து போய், ஃபில்டரின் ஓரத்தில் இருந்த சின்னப் பெருக்கல் குறியை அழுத்தினாள். போனக்காட்டின் மேல் சிவப்பு எழுந்து நின்றது, மற்ற ஊர்களின் நீலத்தையெல்லாம் குட்டையாக்கிக்கொண்டு.

"சேச்சி, இரிக்கூ" என்று ஹரிகுமார் தாழ்ந்த குரலில் உட்காரச் சொன்னான்.

"இருக்கிற வேலைய முடிச்சிட்டு இருக்கேன்."

"இது என்ன?" என்று ஸ்வப்னா கேட்டார்.

"வரணும்னு கேட்டு, நாம மறுத்த ஆளுக மேடம்."

"யாரு மறுத்தா?"

"நான்." வளைவையும், லயத்துக்கே ஒரு செல்போனையும், ஏஜென்டுக்காக வைத்த விதி மாடம்மாளைப் பிடித்த கதையையும் சொன்னாள். மன்னிப்புக் கேட்கிற குரலில் அல்ல. வீட்டு ஓட்டில் எங்கே ஒழுகுகிறது என்று கொத்தனாருக்குக் காட்டுகிற குரலில்.

ஸ்வப்னா திரையைப் பார்த்தார், பிறகு அறையை. "இது மொதல்ல ஏன் காணல? யாரு மறைச்சது?"

ஹரிகுமார் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

"மறைச்சது போயாச்சு மேடம். இனி வண்டியப் பத்திப் பேசலாம்" என்றாள் லீலாபாய்.

பேசினார்கள். போனக்காட்டுப் பாதையை நிறுத்தவில்லை. ஹரிகுமார் அவளுக்கு நன்றியும் சொல்லவில்லை, ஒப்பந்தத்தை ஒரு வருஷத்துக்குப் புதுப்பிக்கவும் இல்லை. மூன்று மாதம் மட்டும் நீட்டினான். அவள் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

லீலாபாய் செய்தது இதுதான்: மறுக்கப்பட்ட பதிவுகளை அதிகாரியின் முன்னால் திரையில் காட்டினாள், மறுத்த விதி தன்னுடையது என்று சொன்னாள், அந்த வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள், ஒரே போனிலிருந்து லயம் முழுக்கப் பதிய முடிகிறபடி அந்த விதியை மாற்றினாள்.