ஒப்புக்குச் சப்பாணிக்கு ஆட்டம் கிடையாது

முதல் நாள் மேனேஜர் என் கையில் ஒரு விசிலையும் கேம்ஸ் ரூம் சாவியையும் கொடுத்துச் சொன்னது இவ்வளவுதான்: "இங்க பாரும்மா, கெஸ்டுங்க ரூமுக்குத் திரும்புறப்ப சிரிச்சுக்கிட்டே போகணும். அம்புட்டுதான் உன் சோலி."

கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டில் ஆக்டிவிட்டி இன்சார்ஜ் வேலை. ஹவுஸி நம்பர் கூப்பிடுவது, ம்யூசிக்கல் சேர் நடத்துவது, கம்பெனிக்காரர்கள் கூட்டமாக வந்தால் ட்ரெஷர் ஹண்ட் வைப்பது. "விளையாடுறதுக்குமா சம்பளம் குடுக்காங்க?" என்று வில்பட்டியில் என் பக்கத்து வீட்டுக்காரி இன்றும் கேட்கிறாள். மழை வாரத்தில் ஒரு நாள் வந்து நின்று பார்த்தால் அப்படிக் கேட்கமாட்டாள். ஏரியும் தெரியாது, மலையும் தெரியாது, போனில் சிக்னலும் இருக்காது. காசைக் கொட்டி மூடுபனியைப் பார்க்க வந்தோமா என்ற எரிச்சலோடு குடும்பம் குடும்பமாக என் அறைக்குள் வந்து உட்காருவார்கள். அவர்களைத்தான் நான் சிரிக்க வைக்க வேண்டும்.

1. எல்லாருக்கும் சாக்லேட்

ம்யூசிக்கல் சேரில் அவுட்டான பிள்ளை ஒன்று அழுதது என்று ஒரு அப்பா புகார் செய்தார். மேனேஜர் உடனே ஒரு யோசனை சொன்னார். எத்தனை பிள்ளைகளோ அத்தனை நாற்காலி, முடிவில் எல்லாருக்கும் சாக்லேட். அப்படியே செய்தேன். முதல் சுற்றில் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் நடந்தே வந்து உட்கார்ந்தார்கள். அதற்கப்புறம் ஒரு சிறுமி சுவரோரமாகப் போய் ஒதுங்கிவிட்டாள்.

"ஏன் பாப்பா, வெளாடலயா?"

"போர் ஆன்ட்டி."

"எல்லாருக்கும்தான் சாக்லேட் உண்டுல்ல?"

"அதான் போர்."

நான் மறுநாளே ஒரு நாற்காலியைக் குறைத்துவிட்டேன். மேனேஜரிடம் சொல்லவில்லை.

2. கல்லா மண்ணா

அந்தச் சிறுமி சொன்னது எனக்குப் புதிதில்லை. வில்பட்டியில் எங்கள் தோட்டம் படிப்படியாக இறங்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்கட்டு. கல்லா மண்ணா ஆட அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிடிக்கிறவன் மண்ணைக் கேட்டால் மண் அவனுடையது, கல் மேல் நிற்கிறவர்கள் பத்திரம். ஆனால் எவனும் கல் மேலேயே நிற்கமாட்டான். "ஒன் மண்ணுல நிக்கேன், ஒன் மண்ணுல நிக்கேன்" என்று குதித்து இறங்கி வெறுப்பேற்றுவான். பிடிக்கிறவன் பாய்ந்து வருவதற்குள் மேலே ஏற வேண்டும். அந்த ஒரு நொடியில் நெஞ்சு படபடக்கும் பாருங்கள், அதுதான் ஆட்டம்.

எனக்குச் சின்ன வயதில் வீசிங். பனியில் ஓடினால் மூச்சு வாங்கும். அதனால் அக்கா எல்லாப் பையன்களிடமும் சொல்லிவைத்தாள்: "ஏலே, இவ ஒப்புக்குச் சப்பாணி. தொட்டாலும் அவுட் கெடையாது."

அந்தப் பெயர் கேட்கவே நன்றாக இல்லை. அதைவிட மோசம் அதன் பலன். நான் மண்ணில் இறங்கி நின்று கத்துவேன். பிடிக்கிறவன் என்னைத் தாண்டி ஓடுவான். எல்லாரோடும்தான் நின்றேன், ஆட்டத்தில் இல்லை. பாசத்தில்தான் அக்கா அப்படிச் செய்தாள். ஆனாலும் வீட்டுக்கு வந்து அழுவேன்.

3. இடது கை

இதெல்லாம் மறந்துபோயிருந்த காலத்தில் மதுரையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நல்ல மழை. மகள் சுமதி, மருமகன், பிள்ளைகள், சுமதியின் அப்பா மாணிக்கம். சுமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், எங்கப்பா கேரம்ல பெரிய ஆளு. அவர் ஆடுறதப் பாக்கக் கூட்டம் கூடும். இப்ப வலது கை நடுங்குது. அதுல இருந்து போர்டப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாரு, யாரோடயும் பேச்சும் இல்ல. எப்பிடியாவது ஒரு கேம் ஜெயிக்க வெச்சிருங்க. ஆளு தேறிருவாரு."

எனக்கு வேலையே வைக்காமல் அவர்களே எல்லாம் செய்தார்கள். மருமகன் பாக்கெட் வாயில் கிடந்த காயைக்கூடக் கோட்டை விட்டார். பெரியவரின் ஸ்ட்ரைக்கர் எங்கே போனாலும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு கட்டத்தில் ஸ்ட்ரைக்கர் சிவப்புக் காயைத் தொடவே இல்லை. மருமகன் விரலால் அந்தக் காயை மெல்லத் தள்ளிவிட்டு, "உள்ள போயிருச்சு மாமா!" என்றார்.

மாணிக்கம் அந்த விரலையே பார்த்தார். ஸ்ட்ரைக்கரைக் கீழே வைத்தார்.

"என்னைய ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிட்டீங்கள்ல?" என்று எழுந்து போய்விட்டார். எனக்குச் சுரீரென்றது.

மறுநாள் குடும்பம் தூண் பாறைக்குப் போனது. பெரியவர் மட்டும் வரவில்லை என்று லவுஞ்சில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் கேரம் போர்டு ஈரத்தில் ஊதிக்கொள்ளும், ஸ்ட்ரைக்கர் நகராது. ஹீட்டர் பக்கத்தில் வைத்துக் காயவிட்டுப் பவுடர் போட்டுத் துடைத்தேன். பிறகு அவரிடம் போனேன்.

"ஐயா, ஒரு போர்டு ஆடுவோமா?"

"எதுக்குத்தா? நீயும் விட்டுக் குடுக்கவா?"

"ரூல் ஒண்ணு இருக்குங்க. ரெண்டு பேரும் எடது கைலதான் அடிக்கணும். நான் விட மாட்டேன். நீங்களும் விடாதீங்க."

என்னை முறைத்தார். பிறகு வந்து உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் கேவலமாக ஆடினோம். ஸ்ட்ரைக்கர் தரையில் விழுந்து ஓடியது. என் காய் பாக்கெட் விளிம்பில் நின்றபோது "விழாதடி, விழாதடி" என்று அதனோடு பேசினார். அவர் அடித்தது குறி தவறிப்போனபோது தன் கையையே கெட்ட வார்த்தையில் திட்டினார். நெற்றியில் வேர்த்திருந்தது, அந்தக் குளிரிலும். கடைசிக் காயில் நான் ஜெயித்தேன்.

"இன்னொரு போர்டு போடு," என்றார். குரலே மாறியிருந்தது.

காய்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது குடும்பம் நனைந்துபோய்த் திரும்பி வந்தது. சுமதிக்கு விஷயம் புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது. "நான் என்ன சொன்னேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கீங்க? முடியாத மனுசனப் போய்த் தோக்கடிப்பீங்களா?"

"ஏய், நீ சும்மா கெட. ஆட்டம் பாக்கி கெடக்கு," என்றார் பெரியவர். யாரும் கேட்கவில்லை. அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள். மறுநாள் வெள்ளனே கிளம்பிவிட்டார்கள். மேனேஜர் என்னை ரிசப்ஷனில் எல்லார் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார்.

4. பாக்கி

அடுத்த வருட மழையில் சுமதி தனியாக வந்தார். கேம்ஸ் ரூம் வாசலில் நின்றார்.

"அப்பா தவறிட்டாரு மேடம்."

உட்காரச் சொன்னேன்.

"ஊருக்குப் போனதும் சாப்பாட்டு மேசையில ஒரு சட்டைப் பொத்தான வெச்சு எடது கையால சுண்டிக்கிட்டே இருப்பாரு. என்னப்பான்னு கேட்டா, ஒஞ் சோலியப் பாருன்னுருவாரு. ஒரு நாளு, 'கொடைக்கானல்ல அந்தப் புள்ள கூட ஒரு போர்டு பாக்கி, கூட்டிட்டுப் போ'ன்னாரு. குளிரு ஒத்துக்காதுப்பான்னு சொல்லிட்டோம். மறுபடி மறுபடி கேட்டாரு. நாங்க கூட்டிட்டு வரல."

அவரைக் கல் மேலேயே பத்திரமாக நிற்க வைத்துவிட்டார்கள். அவர் மண்ணில் இறங்கத்தான் பொத்தானைச் சுண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஆடுவமா?" என்றார் சுமதி. "எடது கைதானே? விட்டுக் குடுத்துறாதீங்க."

நான் விடவில்லை. அவர் தோற்றார். போர்டு மேல் கவிழ்ந்து வெகு நேரம் அழுதார். பவுடரெல்லாம் நனைந்துபோனது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். ஆடுகிறவர் சிரிக்கிறாரா என்று பார்க்காதீர்கள், தோற்றுவிடுவோமோ என்று பயப்படுகிறாரா என்று பாருங்கள். முடியாதவர் வந்தால் ரூலை மாற்றுங்கள், அவருக்கு மட்டுமில்லாமல் உங்களுக்கும் சேர்த்து மாற்றுங்கள். அவருக்குத் தெரியாமல் காயை விரலால் தள்ளிவிடாதீர்கள். மாணிக்கம் ஐயாவுக்கு அந்த இன்னொரு போர்டை நான் கொடுக்கவே இல்லை. மழை பிடித்தால் இன்றும் முதலில் கேரம் போர்டைத்தான் ஹீட்டர் பக்கம் கொண்டுபோய் வைக்கிறேன்.